பல்ப் (Pulp, 1972) படம்: இன்னும் உறுத்துகிற காட்சி எது?

மேசைவிளக்கு:
கதை எல்லாருக்கும் தெரியும்: மட்டமான நாவல்கள் எழுதும் மைக்கேல் கெய்ன், ஓய்வுபெற்ற கேங்ஸ்டர் பட நடிகராக வரும் மிக்கி ரூனிக்குச் சுயசரிதை எழுதிக் கொடுக்கப் போகிறார். நேராக விஷயத்துக்கு வருகிறேன். மிக்கி ரூனி சாகும் காட்சி. பாதிரியார் உடையில் வந்தவன் சுடுகிறான், சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அந்தப் பழைய கேங்ஸ்டர் நடிகர் எப்போதும் செய்கிற விளையாட்டுகளில் இதுவும் ஒன்று என்று நினைப்பு. நான் பார்த்த திரையிடலில் அரங்கமும் சேர்ந்து சிரித்தது, பிறகு ஒரேயடியாக அடங்கியது. அந்த அமைதி இன்னும் காதில் இருக்கிறது.

கடைசிவரிசை:
எனக்கு ஆரம்பக் காட்சி. மைக்கேல் கெய்ன் டேப்பில் சொல்லிவைத்த மட்டமான நாவலைக் கேட்டுக் கேட்டு டைப் அடிக்கிறார்களே, அந்தப் பெண்களின் முகங்கள்! நான் ஜாப் டைப்பிங் கடையில் வேலை பார்த்தவள். எவ்வளவு அசிங்கமாக எழுதியிருந்தாலும் கை நிற்காது, முகம்தான் மாறும். அதை ஒருவர் கவனித்துப் படமாக்கியிருக்கிறார். ஆனால் பிற்பாதி இழுவை. யாருக்கும் தண்டனை இல்லை என்றால் அது என்ன துப்பறியும் கதை?

நிழல்பேனா:
கடைசிவரிசை அக்கா, தண்டனை இல்லாததுதான் படமே. 1953இல் ரோம் அருகே கடற்கரையில் வில்மா மோன்டேசி என்ற இளம்பெண்ணின் உடல் கிடைத்தது. அமைச்சரின் மகன் வரை பெயர் அடிபட்டு, 1957இல் விடுதலை. பெரிய இடத்து ஆண்களின் கூத்தில் செத்துப்போன பெண் என்று படம் சொல்வதில் அந்த வழக்கின் சாயல் இருக்கிறது.
நானும் ஒரு பெரிய மனிதருக்குச் சுயசரிதை எழுதிக் கொடுத்த கோஸ்ட் ரைட்டர். ஒரு சம்பவத்தை முழுக்கச் சொல்லிவிட்டு, "இதைப் போடவேண்டாம் தம்பி" என்றார். கடைசியில் கெய்ன் எல்லாம் தெரிந்தும் ஒன்றும் செய்யமுடியாமல் காலில் கட்டோடு கிடக்கும்போது அந்தக் குரல்தான் கேட்டது.

ரீல்பெட்டி:
லிசபெத் ஸ்காட் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1940களின் நுவார் (இருண்ட பாணிக் குற்றப்படங்கள்) நாயகி, இதுதான் அவருக்குக் கடைசிப் படம்.
இனிப் பார்ப்பவர்களுக்கு: முதலில் கெட் கார்ட்டர் (1971) பாருங்கள். அதே இயக்குநர் மைக் ஹாட்ஜஸ், அதே கெய்ன், அதே தயாரிப்பாளர். ஆனால் அந்த வேகத்தை இதில் தேடாதீர்கள். சப்டைட்டில் கட்டாயம் வேண்டும், நகைச்சுவையில் பாதி கெய்னின் பின்னணிக் குரலில்தான் இருக்கிறது. குரல் வீரம் பேசும், திரையில் ஆள் திணறுவான். மால்டாவில் எடுத்தது, அந்த வெயில் தெரிய நல்ல பிரிண்ட் தேடுங்கள். இசை ஜார்ஜ் மார்ட்டின், பீட்டில்ஸின் தயாரிப்பாளர்தான், ஹெட்போனில் கேளுங்கள். பாதியில் நிறுத்தி மறுநாள் தொடராதீர்கள், முடிச்சு மறந்துபோகும்.

கடைசிவரிசை:
சரி தம்பி, அந்த வழக்கு எனக்குப் புதுசு, தேடிப் படிக்கிறேன். இழுவை என்று சொன்னதை மட்டும் மாற்றிக்கொள்ளமாட்டேன்.