சிக்னல் நிறைந்திருந்தது, இணையம் மட்டும் வரவில்லை

உவர்மலையிலிருந்து:

சென்ற ஐப்பசியில், மழை தொடங்கிய வாரத்தில், வீட்டுக்குப் புதிதாக ஒரு வயர்லெஸ் ரவுட்டர் வாங்கிப் பூட்டினோம். சேவை நிறுவனம் தந்த ஃபைபர் பெட்டி முன் விறாந்தையில் இருக்கிறது. அதன் வைஃபை, அப்பா காலத்துத் தடித்த சுவர்கள் இரண்டைக் கடந்து, மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பின்னறைக்குப் போய்ச் சேருவதற்குள் ஓய்ந்துவிடும். ஆகவே பெட்டியிலிருந்து ஒரு கேபிளைச் சுவரோரமாக இழுத்து, புதிய ரவுட்டரைப் பின்னறை அலுமாரியின் மேல் வைத்தோம். கைத்தொலைபேசியில் சிக்னல் நிறைந்து நின்றது. அதன் கீழே 'இணைய இணைப்பு இல்லை' என்றும் நின்றது.

இரண்டு நாட்கள் நான் செய்ததெல்லாம் ரவுட்டரை அணைத்துப் போட்டதும், நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கோபப்பட்டதும்தான். "லைனில் பிழை இல்லை" என்று அவர்கள் ஒவ்வொரு முறையும் சொன்னது எனக்குச் சாக்குப்போக்காகவே பட்டது. அயல்வீட்டு அண்ணர், துறைமுகத்துக்கு வந்திருந்த கப்பல்களின் ராடார்தான் இதைக் கெடுக்கிறது என்றார். திருகோணமலையில் எதற்கும் துறைமுகத்தின் மேல் பழி போடுவது எளிது. ஆனால், கப்பல்களின் வழிகாட்டும் ராடார்கள் 3 கிகா ஹெர்ட்ஸ் அளவிலும் 9 கிகா ஹெர்ட்ஸ் அளவிலும் இயங்குகின்றன. நம் வைஃபை 2.4 இலும் 5 இலும் இருக்கிறது. 5 கிகா ஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையான சானல்களில் (அலைவரிசையின் பிரிவுகளில்) மட்டும், ராடார் அலை தென்பட்டால் ரவுட்டர் விலகிக்கொள்ள வேண்டும் என்ற விதி உண்டு. எங்களுடையது சானல் 36 இல் இருந்தது. அதோடு, வைஃபை அறுந்திருந்தால் சிக்னலே விழுந்திருக்கும். எங்களுக்கோ அது விழவேயில்லை.

மூன்றாம் நாள் அன்புவழிபுரத்திலிருந்து மருமகன் வந்தான். அவன் வைஃபையைத் தொடவே இல்லை. ரவுட்டருக்குப் போகும் கேபிளின் முனையைக் கழற்றித் தன் மடிக்கணினியில் செருகினான். இணையம் தடையின்றி வந்தது. நிறுவனத்திலும் பிழை இல்லை, நான் இழுத்த கேபிளிலும் பிழை இல்லை, பிழை ரவுட்டருக்குள்தான் என்பது அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. பிறகு மடிக்கணினி பெற்றிருந்த ஐபி முகவரியை, அதாவது வலையமைப்பில் அந்தக் கருவிக்குரிய இலக்கத்தை, ஒரு தாளில் குறித்தான்: 192.168.1.5, வாசல் முகவரி (வெளியே போக வழிவிடும் பெட்டியின் இலக்கம்) 192.168.1.1. கேபிளை மறுபடி ரவுட்டரில் பூட்டி, அதன் வைஃபையில் இணைந்து மீண்டும் குறித்தான்: 192.168.1.100, வாசல் முகவரி அதே 192.168.1.1. "மாமா, ரெண்டு பெட்டிக்கும் ஒரே இலக்கம்" என்று சிரித்தான்.

ரவுட்டர் இரண்டு வலையமைப்புகளுக்கு நடுவே நிற்கும் கருவி. வெளிப்பக்கத்தில் ஃபைபர் பெட்டி 192.168.1.1 ஆக இருக்க, உட்பக்கத்தில் தானும் அதே முகவரியை வைத்துக்கொண்டிருந்ததால், வெளியே அனுப்பவேண்டியதை எந்தப் பக்கம் அனுப்புவது என்று அதற்கு விளங்கவில்லை. சில ரவுட்டர்கள் இந்த மோதலைத் தாமே கண்டு இலக்கத்தை மாற்றிக்கொள்ளும். எங்களுடையது அவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை அல்ல. அமைப்புப் பக்கத்தில் அதன் உள்முகவரியை 192.168.2.1 என்று மாற்றிச் சேமித்ததும் இணையம் வந்துவிட்டது.

நிலாவெளியிலிருந்து:

உங்கள் மருமகன் கேபிளை முதலில் சோதித்தது நல்லது. கடற்கரையை ஒட்டிய எங்கள் விருந்தினர் அறைகளில் பிழை அங்கேதான் இருந்தது. முதலில் வேகம் குறைந்து 100 மெகாபிட்டைத் தாண்ட மறுத்தது. சில மாதங்களுக்குப் பின் இணைப்பு அடிக்கடி அறுந்தது. பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோது, எட்டு உலோக நாக்குகளில் மூன்றில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. கிகாபிட் வேகத்துக்கு எட்டுக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நான்கே போதும். உப்புக்காற்று முதலில் தின்றது மற்ற நான்கில் ஒன்றை என்பதால், இணைப்பு ஒரேயடியாகச் சாகாமல் நொண்டிக்கொண்டு ஓடியிருக்கிறது. ஸ்பிரிட்டால் துடைத்தது பத்து நாள் தாங்கியது. பிறகு முனையை வெட்டிப் புதிய பிளக் அடித்தோம்.

கிண்ணியாவிலிருந்து:

எங்கள் வீட்டுக் கதை சிறியது. இடி மின்னலில் ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டர் எரிந்துபோக, வாப்பா ஏதோ ஒரு பழைய பெட்டியின் 9 வோல்ட் அடாப்டரைச் செருகிவிட்டார். விளக்குகள் எரிந்தன, ஒருவர் பாவிக்கும்போது இணையமும் ஓடியது. இரவில் எல்லோரும் ஒன்றாக இணைந்ததும் ரவுட்டர் அணைந்து மீண்டும் எழும்பும். அடாப்டரின் முதுகில் எழுதியிருப்பதை வாசிக்க எங்களுக்கு ஒரு மாதம் சென்றது. ஐயா, உங்கள் வீட்டில் இரண்டு வலையமைப்புகள் ஆகிவிட்டனவே, அதனால் இடைஞ்சல் இல்லையா?

உவர்மலையிலிருந்து:

இடைஞ்சல் வந்தது. முன்னறை பிரிண்டர் 192.168.1 இலும் மகளின் மடிக்கணினி 192.168.2 இலும் இருந்ததால், பிரிண்டரைத் தேடிய மடிக்கணினிக்கு அது அகப்படவே இல்லை. மருமகனிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு நானே மாற்றினேன். ரவுட்டரின் முகவரியை 192.168.1.2 ஆக்கி, முகவரி வழங்கும் டிஎச்சிபி வேலையை நிறுத்தி, கேபிளை, வெளி இணைப்புக்கென்று தனி நிறத்தில் இருக்கும் துளையிலிருந்து எடுத்து மற்றத் துளைகளில் ஒன்றில் செருகினேன். இப்போது முகவரி கொடுப்பது ஃபைபர் பெட்டி மட்டுமே. ரவுட்டர் வைஃபையைப் பரப்புவதோடு சரி. அந்த 192.168.1.2 ஐ ஒரு பிளாஸ்டரில் எழுதி ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கிறேன். கூடவே கடவுச்சொல்லையும் எழுதியிருந்தேன். அதை மட்டும் மகள் கிழித்துவிட்டாள்.