சென்னை – சிங்கப்பூர்: நாலேகால் மணி நேரமா, ஆறேமுக்காலா?

நாகலூர்க்காரி:
வணக்கம். தங்கச்சிக்குப் பிரசவம், அம்மா தனியாகச் சிங்கப்பூர் போகிறார். விமானம் ஏறுவது இதுதான் முதல்முறை. சென்னை – சிங்கப்பூர் 2,900 கிலோமீட்டர், நாலேகால் மணி நேரம் என்று இணையத்தில் போட்டிருக்கிறது. பார்த்து வைத்த டிக்கெட்டிலோ இரவு 11.30க்குக் கிளம்பி காலை 6.15க்கு இறங்குகிறது. நடுவில் எங்காவது நிற்குமா? அப்புறம், சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்தில் ஏறினால் சென்னை 265 கிலோமீட்டர்தானே, அரை மணியில் போய்விடாதா? நாங்கள் ஏற்காட்டில் இருக்கிறோம், மலை இறங்கினாலே அம்மாவுக்குத் தலைசுற்றும். கார் பயணம் குறைந்தால் நல்லது.

செவ்வாய்ப்பேட்டை மாமா:
எங்கேயும் நிற்காதும்மா. சிங்கப்பூர் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அங்கே 6.15 என்றால் நமக்கு 3.45. திரும்பி வரும்போது பாருங்கள், ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் வந்துவிட்ட மாதிரி டிக்கெட் காட்டும்!

இருபதாம் வளைவு:
ஏற்காட்டில் டாக்ஸி ஓட்டுகிறேன், ஏர்போர்ட் சவாரிதான் அதிகம். 265 என்பது வரைபடத்தில் நூல் பிடித்த கணக்குங்க. காமலாபுரத்தில் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர்தான், அதனால் வருவது ஏடிஆர், இறக்கையில் விசிறி சுற்றுகிற சின்ன விமானம். மேலே போய்ச் சீரானபிறகுதான் மணிக்கு 500 கிலோமீட்டர். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் வராது. சென்னையில் கூட்டமென்றால் இறங்க முறை வரும்வரை சுற்றணும். தரையில் உருளுகிற நேரமும் அட்டவணையில் சேர்த்தி. ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய தொந்தரவு சென்னையில் இருக்கிறது. இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் அம்மாவே பெட்டியை எடுத்துக்கொண்டு பன்னாட்டு முனையத்துக்கு மாறணும், ராத்திரி வரை உட்காரணும். முதல்முறை போகிறவருக்கு அது வேண்டாங்க.

திருச்சியில் ஏற்றிவிடுங்கள். அங்கிருந்து நேராகவே சிங்கப்பூருக்கு விமானம் உண்டு. தூரம் 3,000 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, பறக்கும் நேரமும் கிட்டத்தட்ட அதேதான். சேலத்திலிருந்து நாமக்கல், முசிறி வழியாக மூன்று மணி நேரம். எனக்கு வாடகை கிடைக்கும் என்று சொல்லவில்லை, யார் வண்டியில் போனாலும் இதுதான் கணக்கு. கொண்டை ஊசி வளைவு 20ம் எப்படியும் இறங்கித்தான் ஆகணும். அம்மாவை முன்சீட்டில் உட்கார வையுங்கள், போனைப் பார்க்க விடாதீர்கள். அடிவாரத்தில் பத்து நிமிஷம் நிறுத்தி, கீழே இறங்கி நிற்கட்டும். டிபனை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

நாகலூர்க்காரி:
சரிங்கண்ணா, திருச்சியே பார்க்கிறேன். நள்ளிரவு 12.40க்கு ஒன்று காட்டுகிறது.

இருபதாம் வளைவு:
தேதியைக் கவனிங்க. டிக்கெட்டில் 14ஆம் தேதி 12.40 என்றால் 13ஆம் தேதி மத்தியானமே மலை இறங்கணும், ராத்திரி ஒன்பதரைக்கெல்லாம் ஏர்போர்ட்டில் இருக்கணும். இதில் ஒரு நாள் பிசகி, டிக்கெட் போன ஆட்களை நானே திரும்ப ஏற்றி வந்திருக்கிறேன்.