ஸ்பானிஷ் 'குஸ்தார்' வகை வினைக்கு தமிழ்ல என்ன பேர்?

எல்லாருக்கும் வணக்கம்,

ஸ்பானிஷ்ல 'பிடிக்கும்'னு சொல்ல வர்ற 'குஸ்தார்' மாதிரி வினைகளுக்கு மூணு நாளா இந்த இழையில 'தலைகீழ் வினை'ங்கற பேருக்கு ஆதரவு கூடிக்கிட்டே போகுது, அதை அப்படியே நம்ம இலக்கணச் சொற்பட்டியல்ல ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிங்கன்னு கேக்கத்தான் இந்த மடல். தமிழ் பசங்களுக்கு ஸ்பானிஷ் சொல்லிக் குடுக்கறவ நான், அந்த அனுபவத்துல சொல்றேன், அந்தப் பேர் நமக்கு ஆகாது.

யாருக்குங்க அது தலைகீழ்? இங்கிலீஷ்ல 'ஐ லைக் காஃபி'னு 'நான்' முன்னாடி வந்து நிக்கணும், அதனால 'மே குஸ்தா எல் கஃபே' அவங்களுக்கு தலைகீழா தெரியுது. நம்ம வீட்டுல யாராவது 'நான் காபியைப் பிடிக்கிறேன்'னு சொல்வாங்களா? எனக்கு காபி பிடிக்கும், அவ்வளவுதான். மே எனக்கு, தே உனக்கு, லே அவனுக்கு அவளுக்கு, நோஸ் எங்களுக்கு, லேஸ் அவங்களுக்கு. தலைவலி வந்தாலும் இதே அமைப்புதான், 'மே துவேலே லா கபேசா', எனக்கு தலை வலிக்குது. இவ்வளவு நேரா வர்ற ஒண்ணுக்கு தலைகீழ்னு பேர் வச்சா, பையன் மனசுக்குள்ள முதல்ல இங்கிலீஷுக்கு மாத்தி, அங்கேர்ந்து திருப்பிப் போட்டு, கடைசியில 'யோ குஸ்தோ கஃபே'னு தப்பா எழுதறான். இதை நான் எத்தனையோ நோட்டுல திருத்தியிருக்கேன்.

அதனால என் பரிந்துரை 'எனக்கு-வினை'. பேர்லயே வாக்கியம் இருக்கு, சொல்லும்போதே அமைப்பு ஞாபகம் வந்துடும். இந்த 'எனக்கு'வை 'நான்காம் வேற்றுமை எழுவாய்'னு சொல்லலாம்னு ஐயா ஒருத்தர் எழுதியிருந்தாரு, மரியாதையோட மறுக்கறேன், நம்ம மரபுல எழுவாய்ன்னாலே முதல் வேற்றுமை, ரெண்டையும் ஒரே பேர்ல கட்டினா படிக்கறவங்க குழம்பிடுவாங்க. நன்னூல் கு உருபுக்கு கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறைன்னு ஏழு பொருள் சொல்லிட்டு 'ஆதி'னும் சேர்த்து வச்சிருக்கு. விருப்பமும் வலியும் அந்த 'ஆதி'யில உக்காரும்னு நான் நினைக்கறேன்.

வாக்கியத்துல இருக்கற ரெண்டு பேருக்கும் தனித்தனி சொல் வேணும். பிடிக்கறது யாருக்கோ அவர் 'உணர்நர்', பெறுநர் அனுப்புநர் மாதிரி. எது பிடிக்குதோ அது 'ஈர்பொருள்'. இந்த ரெண்டாவது சொல் ஏன் அவசியம்னா, தமிழும் ஸ்பானிஷும் பிரியற இடமே அதுதான். நமக்கு ஒரு புத்தகம்னாலும் பத்து புத்தகம்னாலும் 'பிடிக்கும்' மாறாது, ஆளுன்னா ஐ உருபு வேற போடறோம், 'எனக்கு அவனைப் பிடிக்கும்'. ஸ்பானிஷ்ல ஈர்பொருள்தான் எழுவாய், வினை அது பின்னாடியே போகும். ஒரு புத்தகம்னா 'மே குஸ்தா எல் லிப்ரோ', பல புத்தகம்னா 'மே குஸ்தான் லோஸ் லிப்ரோஸ்'. ஆனா பாடறது ஆடறதுன்னு செயல் எத்தனை வந்தாலும் ஒருமைதான், 'மே குஸ்தா காந்தார் இ பைலார்'. இன்னும் அழகான உதாரணம் 'தே குஸ்தோ?'. கடைசியில இருக்கற ஓ 'நான்' விகுதி, அர்த்தம் 'உனக்கு என்னைப் பிடிச்சிருக்கா?'. நம்ம 'என்னை' அங்க எழுவாயா நிக்குது பாருங்க! (ஆளுக்கு குஸ்தார் போட்டா பெரும்பாலும் காதல் வாடை வந்துடும், ஜாக்கிரதை. சும்மா நல்ல மனுஷன், பிடிக்கும்னு சொல்ல 'மே காயே பியென்', அதுவும் எனக்கு-வினைதான்.)

பேர் சொல்லும்போது இன்னொரு சிக்கல், நாம மரியாவுக்கு டீ பிடிக்கும்னு ஒரு கு போட்டு முடிச்சுடுவோம், அவங்க 'அ மரியா லே குஸ்தா எல் தே'ன்னு மரியாவுக்கு, அவளுக்குன்னு ரெண்டு தடவை சொல்லணும். நம்ம பசங்க அந்த லே-யை விட்டுடுவாங்க.

கருத்து சொல்லுங்க.

---

அக்கா, எனக்கு-வினை ரொம்ப பொருத்தம், ஆனா உணர்நர்ல ஒண்ணு இடிக்குது. 'மே ஃபால்தான் தோஸ் பாஹினாஸ்', எனக்கு ரெண்டு பக்கம் குறையுது. இதுல யார் என்னத்தை உணர்றாங்க? ரெண்டு பக்கம் என்னை ஈர்க்கவும் இல்லையே. அப்புறம் 'ப்ரெஃபெரிர்' (ஒண்ணை விட இன்னொண்ணை விரும்பறது) என்ன ஆகும், அதுவும் விருப்பம்தானே?

---

தம்பி, ஃபால்தார் விஷயத்துல நீங்க சொல்றது சரி, நான் பிடிக்கறது வலிக்கறதையே நினைச்சுக்கிட்டு எழுதிட்டேன். அப்போ வகைக்கு மட்டும் எனக்கு-வினைன்னு வைப்போம், குஸ்தார், என்காந்தார் (ரொம்பப் பிடிக்கறது), தோலேர் (வலிக்கறது), ஃபால்தார் (குறையறது) எல்லாம் அதுக்குள்ள அடங்கிடும். உணர்நர், ஈர்பொருள் ரெண்டையும் விருப்பம் சொல்ற வினைகளுக்கு மட்டும் வச்சுக்கலாம்.

ப்ரெஃபெரிர் எனக்கு-வினை இல்லை. நாம 'எனக்கு காபியை விட டீதான் பிடிக்கும்'னு சொல்றதால பசங்க 'மே ப்ரெஃபியேரோ'ன்னு ஆரம்பிச்சுடறாங்க, ஆனா அங்க 'நான்'தான் எழுவாய், 'ப்ரெஃபியேரோ எல் தே அல் கஃபே'. பொருளை வச்சு வகை பிரிச்சா இது உள்ள வந்துடும், அமைப்பை வச்சு பிரிச்சா வெளிய நிக்கும், அதனாலயும் எனக்கு-வினைங்கற பேரே நல்லது. பட்டியல் குறிப்புல இந்த ப்ரெஃபெரிர் உதாரணத்தையும் சேர்த்து எழுதி நாளைக்கு அனுப்பறேன், நீங்க ஒரு தடவை பாத்துடுங்க.