குடும்பக் குழு: பெரியப்பாவின் பழைய ரிசீவர்

பெரியப்பா: புதிய டிவி வந்ததிலிருந்து, ஸ்பீக்கர்களை இயக்கும் என் ரிசீவரின் டிஸ்பிளேயில் ‘டால்பி டிஜிட்டல்’ என்ற எழுத்து ஒளிர்வதே இல்லை, ‘புரோ லாஜிக்’ என்றுதான் வருகிறது. பின்பக்க ஸ்பீக்கர்கள் இரண்டும் வெறுமனே முணுமுணுக்கின்றன. ரிசீவரில் எச்டிஎம்ஐ கிடையாது, டிவியிலிருந்து ஆப்டிகல் கேபிள் மட்டுமே போகிறது. ஸ்பீக்கர்கள் போய்விட்டனவா?

அண்ணன்: அப்பா, அதை மாற்றிவிடலாம் என்று நான் முன்பே சொன்னேன்.

நான்: அவசரப்பட வேண்டாம், அண்ணா. பெரியப்பா, ரிசீவரின் ரிமோட்டில் ‘டெஸ்ட் டோன்’ பொத்தானை அழுத்தி, ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் இரைச்சல் வருகிறதா என்று பாருங்கள்.

பெரியப்பா: ஐந்திலும் ஒன்றன்பின் ஒன்றாக, தெளிவாகவே வந்தது.

நான்: அப்படியானால் ஸ்பீக்கர், வயர், ஆம்ப்ளிஃபயர் மூன்றும் நலம். ஆனால் அந்த இரைச்சலை ரிசீவர் தனக்குள்ளேயே உண்டாக்குவதால், டிவி என்ன அனுப்புகிறது என்பது அதில் தெரியாது. அதைக் காட்டிக்கொடுப்பது ‘புரோ லாஜிக்’ என்ற எழுத்துதான்: இரண்டு சேனல் ஒலி மட்டுமே வந்து சேர, மீதியை ரிசீவர் ஊகித்துப் பிரிக்கிறது. பழைய புரோ லாஜிக் பின்பக்கம் இரண்டுக்கும் ஒரே ஒலியை, அதுவும் 7000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை வெட்டிவிட்டுத்தான் கொடுக்கும். நீங்கள் கேட்ட முணுமுணுப்பு அதுவாகவே இருக்கும். டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் அவுட்புட் ‘பிசிஎம்’ (சுருக்காத ஒலி) என்று இருந்தால் ‘டால்பி டிஜிட்டல்’ என்று மாற்றுங்கள்.

அக்கா: இரண்டு சேனல் மட்டுமே வந்துகொண்டிருந்த கேபிளில், ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் தனித்தனியான 5.1 ஒலி எப்படிப் போகும்?

நான்: நல்ல கேள்வி, அக்கா. சுருக்காத இரண்டு சேனல் பிசிஎம், 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்ற அளவில் நொடிக்கு 1536 கிலோபிட் இடம் பிடிக்கும். சுருக்கப்பட்ட டால்பி டிஜிட்டல் 5.1 டிவிடியில் 448 கிலோபிட்டைத் தாண்டாது என்பதால், அதே கேபிளில் தாராளமாகப் போகும். ஸ்ட்ரீமிங் செயலிகள் பெரும்பாலும் அனுப்பும் டால்பி டிஜிட்டல் பிளஸ் வேறு வகை. அதைப் பழைய ரிசீவருக்குப் புரியும்படி டிவிதான் மாற்றித் தர வேண்டும். ஆகவே, வந்ததை வந்தபடியே விடும் ‘பாஸ் த்ரூ’ வேண்டாம்.

பெரியப்பா: எழுத்து ஒளிர்ந்துவிட்டது! ஆனால் டிவிடி பிளேயரைப் போட்டால் மீண்டும் புரோ லாஜிக்தான் வருகிறது.

நான்: பிளேயர் எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குப் போகிறது அல்லவா? சில டிவிகள் அந்த வழியில் வரும் 5.1 ஒலியை ஆப்டிகலில் இரண்டு சேனலாகக் குறைத்துவிடும். பிளேயரின் ஆரஞ்சு நிற கோஆக்சியல் அவுட்டிலிருந்து நேராக ரிசீவருக்கு ஒரு கேபிள் போட்டு, பிளேயரின் அமைப்பில் ‘பிட்ஸ்ட்ரீம்’ (சுருக்கிய ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்புவது) என்று வையுங்கள்.

பெரியப்பா: போட்டுவிட்டேன், ஆனால் சத்தமே இல்லை.

அண்ணன்: நான் சொன்னேன் அல்லவா?

நான்: சற்றுப் பொறுங்கள், அண்ணா. பழைய ரிசீவர்களில் பின்பக்கத்து சாக்கெட் ஒவ்வொன்றும் எந்த இன்புட்டுக்கு உரியது என்பதை மெனுவில் நாம்தான் ஒதுக்க வேண்டியிருக்கும். அந்தக் கோஆக்சியல் சாக்கெட் ‘சிடி’ பெயரில் இருக்கிறதா என்று பார்த்து, ‘டிவிடி’க்கு மாற்றுங்கள். இன்புட் மோடு ‘அனலாக்’ என்று இருந்தால் ‘ஆட்டோ’ ஆக்குங்கள்.

பெரியப்பா: சிடி பெயரில்தான் இருந்தது, மாற்றியதும் 5.1 வந்துவிட்டது. ஆனால் உதடு அசையும் முன்பே பேச்சு கேட்கிறது.

நான்: ஒலி நேராக வந்துவிடுகிறது, படத்தைச் செப்பனிட டிவி சற்று நேரம் எடுக்கிறது. ரிசீவரில் ‘ஆடியோ டிலே’ இருந்தால் 40 மில்லிவினாடியில் தொடங்கிப் பத்துப் பத்தாக ஏற்றுங்கள்.

பெரியப்பா: 80இல் சரியாகிவிட்டது. உன் அண்ணன்தான் இப்போது நடு சோபாவைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க மறுக்கிறான்.