மறுமொழி: 'களஞ்சிய இடமாற்றம்' என்பதற்கு மாற்றாகக் 'களம்பெயர்வு'

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

திறமூலத் திட்டமொன்று (நிரலை எவரும் பார்க்கவும் திருத்தவும் விடும் மென்பொருள் திட்டம்) தன் நிரலை வைத்திருக்கும் தளத்தை விட்டு வேறொரு தளத்துக்குச் செல்வதைக் குறிக்க, 'களஞ்சிய இடமாற்றம்' என்ற சொல்லே முடிவாகும் நிலையில் இருக்கிறது. களஞ்சியம் என்பது நிரலும் அதன் மாற்ற வரலாறும் சேர்ந்திருக்கும் தொகுப்பு. அதற்குமுன் என் மறுப்பைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். நடக்கும் வேலையில் மிக எளிதான பகுதிக்கு மட்டுமே அந்தச் சொல் பெயர் சூட்டுகிறது.

நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' என்ற பதிப்பு மேலாண்மை முறையில், முழுக் குளோன் (நகல்) ஒவ்வொன்றும் மொத்த வரலாற்றையும் தன்னுள் வைத்திருக்கிறது. எதையும் விடாமல் நகலெடுக்கும் மிர்ரர் விருப்பத்தோடு ஒரு குளோன் எடுத்துப் புதிய முகவரிக்குப் புஷ் செய்தால் (அனுப்பினால்), கிளைகளும் குறிச்சொற்களும் கமிட் (பதிந்த மாற்றம்) ஒவ்வொன்றின் அடையாளமும் ஓர் எழுத்துகூட மாறாமல் போய்ச் சேர்ந்துவிடும். எளிதில் நகராதவை வேறு: வழுப்பதிவுகள் (பிழைகளைப் பற்றிய முறையீடுகள்), அவற்றின்கீழ் ஆண்டுக்கணக்காக நடந்த வாதங்கள், புல் ரிக்வஸ்ட்டுகளில் (ஒரு மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் வேண்டுகோள்களில்) வரிவரியாக எழுதப்பட்ட மதிப்புரைகள், யாருக்கு எந்த உரிமை என்ற ஏற்பாடு. இவை எவையும் களஞ்சியத்துக்குள் இருப்பவையல்ல. தானியங்கிச் சோதனைக்கான கோப்புகள் களஞ்சியத்தோடு வந்துசேர்ந்தாலும், புதிய தளத்தில் பெரும்பாலும் அப்படியே ஓடுவதில்லை.

எண்களையே எடுத்துக்கொள்வோம். இப்படி நிரல்களை வைத்திருக்கும் தளமான கிட்ஹப்பில் வழுப்பதிவுக்கும் புல் ரிக்வஸ்ட்டுக்கும் ஒரே எண்வரிசை. அதுபோன்ற இன்னொரு தளமான கிட்லேபில் இரண்டுக்கும் தனித்தனி வரிசை, முன்னதற்கு '#' குறி, பின்னதற்கு '!' குறி. இப்படிக் கிட்ஹப்பிலிருந்து கிட்லேபுக்குத் தளம் மாறிய சிறு திட்டமொன்றில், நிரலில் விசித்திரமான ஒரு நிபந்தனைக்கு மேலே 'காரணம் #47-இல்' என்று நானே எழுதிவைத்திருந்த குறிப்பு, மாறிய பிறகு எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. அந்த 47 ஒரு புல் ரிக்வஸ்ட் என்பதும், புதிய இடத்தில் அது !47 ஆகிவிட்டது என்பதும் உறைப்பதற்குள் அரைநாள் கழிந்துவிட்டது.

பெரிய திட்டங்களில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பைத்தான் என்ற நிரல்மொழியின் நிரல் 2017 பிப்ரவரியில், கிட் போன்ற இன்னொரு முறையான மெர்க்குரியலை விட்டுக் கிட்ஹப்புக்கு வந்தது. வழுப்பதிவுகளோ 2022 வரை தம் பழைய தளத்திலேயே இருந்தன. பழைய பதிவா புதிய பதிவா என்று தெரிவதற்காக எண்ணுக்கு முன் 'பிபிஓ' (bpo, பழைய தளமான bugs.python.org) என்றும் 'ஜிஎச்' (gh, கிட்ஹப்) என்றும் ஒட்டு சேர்த்து எழுதுகிறார்கள். 'களஞ்சிய இடமாற்றம்' என்ற சொல்லின்படி பார்த்தால் எல்லாம் 2017-லேயே முடிந்துவிட்டது.

ஆகவே, பெயர வேண்டியது களஞ்சியத்தைச் சுற்றியுள்ள வேலையிடம். அதற்கு முன்மொழியப்பட்ட 'நிரற்பட்டறை' நல்ல சொல்தான். ஆனால் 'நிரற்பட்டறைக்கு வாருங்கள்' என்று எழுதினால், படிப்பவர் இரண்டு நாள் பயிற்சி வகுப்பு என்றே எண்ணுவார். என் முன்மொழிவு 'நிரற்களம்'. தானியம் சேர்ந்திருப்பது களஞ்சியத்தில். பலர் கூடி அடித்து, தூற்றி, பதரை நீக்குவது களத்தில். களஞ்சியம் என்ற சொல்லை நாம் முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டதால், களம் அதன் பக்கத்தில் இயல்பாக வந்து உட்காருகிறது. மாறிச் செல்லும் செயலுக்கு 'களம்பெயர்வு' என்று வைத்தால், இடம்பெயர், குடிபெயர் ஆகியவற்றின் வரிசையில் அது சேர்ந்துகொள்ளும். வினையும் தானே கிடைக்கும். 'திட்டம் களம்பெயர்ந்தது' என்றும் 'திட்டத்தைக் களம்பெயர்த்தோம்' என்றும் தடுமாறாமல் எழுதலாம். 'இடமாற்றம்' என்பதிலோ மேலிடத்து ஆணை வாங்கிக்கொண்டு போகும் அலுவலர் ஒருவர் எனக்குத் தெரிகிறார். 'புலம்பெயர்வு' தனக்கென்று ஒரு கனத்தைச் சுமக்கும் சொல். அதை இந்த வேலைக்கு இழுக்க எனக்கு மனமில்லை.

எழுத்துக்கூட்டலில் ஓர் எச்சரிக்கை தேவை. மகரம் கெட்டு வல்லினம் மிக்குக் 'களப்பெயர்வு' என்று எழுதினால், இணைய முகவரிக்கு வழங்கும் 'ஆள்களப்பெயர்' நினைவுக்கு வந்து குழப்பும்; எனவே 'இடம்பெயர்வு' போலவே மகரத்தை நிறுத்தி எழுதவேண்டும். 'களப்பெயர்ச்சி' என்று ஒருவர் பரிந்துரைத்திருந்தார். அதைக் கேட்டதும் எந்த ராசிக்கு என்ன பரிகாரம் என்றுதான் கேட்கத் தோன்றியது.

கலைச்சொல் திரையில் நிற்கிறதா என்று பார்க்கும் வழக்கம் எனக்கு உண்டு. 'இத்திட்டம் களம்பெயர்ந்துவிட்டது, புதிய வழுப்பதிவுகளை அங்கே இடவும்' என்று ஓர் அறிவிப்பு எழுதிப் பார்த்தேன். விளக்கம் தேவைப்படவில்லை என்றே தோன்றுகிறது. மெர்க்குரியலிலிருந்து கிட்டுக்கு மாறுவது போலப் பதிப்பு மேலாண்மை முறையே மாறுவதற்கு இந்தச் சொல் பொருந்தாது. அதற்குத் தனிச்சொல் வேண்டும்.

பழைய முகவரியில், வாசிக்க மட்டும் விட்டுவைக்கப்படும் நகலுக்கும் ஒரு சொல் வேண்டியிருக்கிறது. 'பழங்களம்' என்று எழுதிப் பார்த்தேன். பழம் காயவைக்கும் இடம் போல ஒலிக்கிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.