தளம் போடும் முன் எல்லா டீமையும் ஒன்றாகச் சேர்ப்பது எப்படி?

சைட் இன்ஜினீயர், திருச்சி:
ஒரு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு இப்போது தனியாக வீடு கட்டிக் கொடுக்கிறேன். சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும் வரை தாங்கும் ஷீட், முட்டு), கம்பி, வயரிங், பிளம்பிங் எல்லாம் தனித்தனி ஆட்கள். போன தளத்தில் கம்பி வேலை முழுக்க முடிந்த பிறகுதான் எலக்ட்ரீஷியன் வந்தார். பைப் விடுவதற்காக மேல் கம்பியை நெம்பித் தள்ள, கம்பிக்கு அடியில் இடைவெளிக்காக வைத்த கவர் பிளாக்கெல்லாம் நகர்ந்துவிட்டது. கம்பி கட்டியவர் சண்டை போட்டுவிட்டுப் போய்விட்டார். இவர்களைச் சேர்த்து வேலை வாங்குவது எப்படி? பில்டர்கள் சங்கத்தில் சேர்ந்தால் பயன் உண்டா?

கான்ட்ராக்டர், கோவை:
தம்பி, மேஸ்திரி கையில் ஒரு பிளான் இருக்கும், எலக்ட்ரீஷியனிடம் வீட்டுக்காரர் வாய்வார்த்தையாக வேறு சொல்லியிருப்பார். பாதிச் சண்டை அங்கேதான் ஆரம்பம். சென்ட்ரிங் ஷீட் அடித்ததும், கம்பி ஏறுவதற்கு முன்னால், எல்லா டீமையும் ஷீட் மேலேயே நிற்க வைத்துப் பேசுங்கள். ஃபேன் பாக்ஸ், லைட் பாயின்ட், பைப் இறங்கும் இடம் எல்லாவற்றையும் அங்கேயே குறித்துவிடுங்கள். அடிக்கம்பி கட்டியதும் எலக்ட்ரீஷியன் பைப் விடட்டும், அப்புறம்தான் மேலே எக்ஸ்ட்ரா கம்பி. பாத்ரூம் தளம் எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை மட்டும் பிளம்பர் இன்னும் முன்னதாக, சென்ட்ரிங் அடிக்கும்போதே சொல்லியாக வேண்டும்.

பீம் வழியாகப் பைப் போகிறதா? ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கேட்டு, கான்கிரீட் போடும் முன்பே ஸ்லீவ் (பைப் நுழைவதற்கான குழாய்) வைத்துவிடுங்கள். தூணை ஒட்டிய இடத்தில் ஷியர் (பீமை வெட்டப் பார்க்கும் விசை) அதிகம், பிற்பாடு அங்கே கோர் கட்டிங் (மெஷினால் ஓட்டை போடுவது) என்ற பேச்சே கூடாது.

முட்டு பிரிக்கும் தேதியையும் அன்றைக்கே பேசிவிடுங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 படி, சாதாரண சிமென்ட் என்றால், 4.5 மீட்டர் ஸ்பான் (தாங்கும் சுவர் அல்லது பீம்களுக்கு இடையிலான நீளம்) வரை தளத்துக்குக் குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள். சென்ட்ரிங்காரருக்கு அடுத்த சைட்டில் ஜாக்கி (இரும்பு முட்டு) தேவைப்படும், அவர் அவசரப்படத்தான் செய்வார். முன்பே தெரிந்தால் அவரும் அதற்கேற்ப ஏற்பாடு செய்துகொள்வார்.

வயரிங் வேலை, மதுரை:
அண்ணன் சொன்னது சரி. எங்கள் பக்கத்தையும் கேளுங்கள் சார். காலையில் போன் செய்து "மத்தியானம் கான்கிரீட், உடனே வாங்க" என்றால் எந்த ஆளை அனுப்புவது? முதல் நாளே சொல்லுங்கள். வீட்டுக்காரர் அடுத்த தவணை தந்தால்தான் என்று எங்கள் பணத்தை நிறுத்தி வைக்காதீர்கள். சனிக்கிழமை என் பையன்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். சனிக்கிழமை தவறாமல் கணக்கு முடிப்பவர் கூப்பிட்டால் வேறு வேலையைத் தள்ளிவைத்துவிட்டு வருவோம்.

பில்டர், சேலம்:
சங்கத்தில் சேருங்கள். பில்டர்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியா 1941 முதல் இருக்கிறது, ஊர் இன்ஜினீயர்கள் சங்கமும் இருக்கும். கூட்டத்துக்குப் போனால் எந்த டீம் சொன்ன தேதியில் வரும் என்பதை அவர்களோடு வேலை செய்தவர்களிடமே நேரில் கேட்டுக்கொள்ளலாம். இன்னொன்று: உங்கள் ஆட்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று பாருங்கள். 1994-இல் வந்த வாரியம், இன்னும் பலர் பதியாமலே இருக்கிறார்கள். கூட இருந்து பதிந்து கொடுங்கள். விபத்து, பிள்ளைகள் படிப்பு என்று அவர்கள் குடும்பத்துக்கு உதவும்.

சைட் இன்ஜினீயர், திருச்சி:
ரொம்ப நன்றி. கோவை அண்ணே, ஆயில் அடித்த ஷீட்டில் சாக்பீஸ் நிற்குமா?

கான்ட்ராக்டர், கோவை:
நிற்காது. பெயின்ட் மார்க்கர் வாங்குங்கள். பைப் விட்டு முடித்ததும் டேப்பை வைத்துப் போட்டோ எடுத்து, எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுங்கள். நாளைக்கு சீலிங்கில் ட்ரில் போடும்போது பைப் எங்கே ஓடுகிறது என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.