மறு: 'ரீசனபிள் அக்காமடேஷன்': 'தோது' போதாதா?

வணக்கம். மாற்றுத்திறனாளி ஒருவருக்கு ஏற்றபடி வேலையிடத்தில் செய்து தரும் மாற்றங்களைச் சட்டம் 'ரீசனபிள் அக்காமடேஷன்' என்கிறது. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று இங்கே நடக்கும் பேச்சுக்கு என் பதில் இது.

'அக்காமடேஷன்' என்றால் தங்குமிடம்தான் என்று எண்ணி மொழிபெயர்ப்பு இயந்திரம் 'நியாயமான தங்குமிடம்' என்று துப்பியதை நண்பர் எடுத்துப் போட்டிருந்தார். சிரித்து முடித்துப் பார்த்தால், இந்தப் பேச்சில் ஐயா ஒருவர் முன்வைத்த 'சலுகை' எனக்கு அதைவிட ஆபத்தாகப் படுகிறது. சலுகை, கொடுப்பவர் மனசு வைத்தால்தான் உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேசுவதோ உரிமையை: நிறுவனத்துக்கு அளவுமீறிய சுமை ஏறாமல், அந்த ஒருவருக்குத் தேவையான, பொருத்தமான மாற்றங்களைச் செய்வது. அதன் அட்டவணையில் உள்ள 21 வகைகளில் ஏடிஎச்டி (கவனத்தை வேண்டிய இடத்தில் நிறுத்துவதைக் கடினமாக்கும் நிலை) பெயர் சொல்லி இல்லை. அதனாலேயே, சட்டத்தைப் புரட்டாத சின்ன அலுவலகத்திலும் புழங்குகிற சொல்லாக வேண்டும்.

'தகவமைப்பு' என்று சொல்லலாமே என்றால், அது ஒட்டகம் பாலைவனத்துக்கேற்ப மாறியதற்குப் பள்ளியில் படித்த சொல். இங்கே மாற வேண்டியது பாலைவனம்.

எங்கள் அலுவலகம் மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தை ஒட்டி, முதல் மாடியில். கணக்குப் பிரிவில் ஒரு தம்பிக்கு ஏடிஎச்டி (அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்). ஜன்னலோர மேசை. கீழே 'தேனி தேனி தேனி' என்று ஒருவர் கூவினால் வவுச்சர் எண் பாதியில் நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து. வாயால் நான்கு வேலை சொன்னால் இரண்டு தங்கும். மேசையை பீரோவுக்குப் பின்னால் சுவர் பார்க்கத் திருப்பினோம். வேலையை ஒவ்வொன்றாக வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினோம். மாதக் கடைசிக் கெடுவை வாரவாரமாக உடைத்தோம். செலவு, பீரோ நகர்த்த வந்தவருக்கு ஒரு டீ. அன்று கேஷியர் அக்கா கேட்டார்: "இப்பத் தோதா இருக்காப்பா?"

அதுதான் என் முன்மொழிவு: பணித்தோது. சட்டத்துக்கு வேண்டுமானால் 'தக்க பணித்தோது'. கைக்குத் தோதான அரிவாள் என்கிறோம். அரிவாளுக்குத் தோதான கை என்று யாரும் சொல்வதில்லை. எது எதற்காக மாற வேண்டும் என்பது சொல்லிலேயே இருக்கிறது.

'தோது பார்த்து அடித்தான்' என்றும் வழக்கு உண்டே என்று ஐயா கேட்பார். உண்டு. முன்னால் 'பணி' வந்தால் அந்த வாடை போய்விடும் என்று நினைக்கிறேன். கொச்சை என்று தள்ளினால் மட்டும் ஒப்பமாட்டேன். படிவத்தைப் படித்ததும் புரிய வேண்டியது அந்தத் தம்பிக்கு.

அப்புறம், ஏடிஎச்டிக்குத் தமிழில் எழுதும் 'கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு' என்ற பெயர். முந்தைய வேலையில் அவனுக்குக் கொடுத்த மெமோவிலும் 'பணியில் கவனக்குறைவு' என்றுதான் இருந்ததாம். விபத்து வழக்கில் ஓட்டுநர் மேல் எழுதுகிற சொல்லும் அதுதான். குற்றச்சாட்டையே பெயராக வைத்தால் தோது கேட்க யாருக்கு வாய் வரும்? அவனுக்குக் கவனம் குறைவும் இல்லை; எக்செல் ஃபார்முலா ஒன்று மாட்டிக்கொண்டால் மதியச் சோற்றையே மறந்துவிடுவான். வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில் நிறுத்துவதுதான் பாடு. 'கவன நெறியாக்கச் சிக்கல்' என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே பிடிக்கவில்லை. இப்போதைக்கு ஏடிஎச்டி என்றே எழுதுகிறேன்.